வெடிக்காத ஊரிலிருந்து முதல் பஸ்

1

கோரன் தன் கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "பார், இது உங்கள் பக்கம்தானே?" என்றான்.

சாப்பாட்டு இடைவேளை. ஜெர்மனியின் தெற்கில் ஒரு சின்ன நகரத்துப் பேருந்துப் பணிமனையில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். வண்டி கழுவுவது, சக்கரம் கழற்றுவது, எண்ணெய் மாற்றுவது. கோரன் குரோவேஷியாக்காரன், எனக்கு முன்பே இங்கே வந்தவன். நல்லவன்தான். வாயை மட்டும் மூட மாட்டான்.

அது ஏதோ ஒரு பயணத் தளம். உலகத்தில் நீங்கள் கேள்விப்பட்டிராத விசித்திரமான இடங்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். உப்பால் கட்டிய ஓட்டல், பூனைகள் மட்டும் திரியும் தீவு, தலைகீழாகக் கட்டிய வீடு. அதற்கெல்லாம் கீழே எங்கள் ஊர்க் கண்மாய்.

சந்தேகமே இல்லை. கரையில் என் தம்பி பாண்டியின் மோட்டார் ரூம் தெரிந்தது. அதன் சுவரில் பாதி அழிந்த தேர்தல் சின்னம்கூடத் தெரிந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமம், பறவைகள் மேல் கொண்ட அன்பினால் தலைமுறைகளாக மௌனம் காக்கும் எளிய மக்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எளிய மக்களாம். எங்கள் ஊரில் எளிய ஆள் ஒருவனைக் காட்டட்டும் பார்ப்போம். வரப்பு ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்று மூன்று தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் நாங்கள்.

ஊர்ப்பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்களும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். நெற்குப்பைக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே வேன்கள் வருகின்றன. காலையில் கானாடுகாத்தானில் பூட்டிய பெரிய வீடுகள், மதியம் வாழையிலையில் கோழி, சாயங்காலம் நாங்கள். கரையில் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு படம் பிடித்துவிட்டு ஏறிப் போகிறார்கள்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதுவது என் தொழில் இல்லை. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் அந்தத் தளம் எழுதாததைச் சொல்கிறேன்.

மழையோடு பறவைகள் வரும். நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, வக்கா, கரண்டிவாயன். கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அதுகளுக்குப் பறக்கத் தெரிந்ததும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அந்த மாதங்கள் முழுக்க ஊருக்குள் வெடி கிடையாது. தீபாவளி, கல்யாணம், கோவில் கொடை, சாவு, எதற்கும் கிடையாது. பறவை வருகிற காலம் என்பதால் தீபாவளிக்கு அது வந்திருந்தாலும் வராவிட்டாலும் இதே சட்டம்தான்.

எட்டு வருடத்துக்கு முன் என் அப்பா செத்தது கார்த்திகையில். எங்கள் பக்கத்தில் வயதானவர் போனால் வேட்டுப் போட்டு, கொட்டு முழக்கி, ஊரையே அதிரவைத்துத்தான் கொண்டுபோவார்கள். அப்பாவுக்குத் தெருமுனை வரைக்கும்தான் கொட்டு. கண்மாய்க்கரை ஏறியதும் கொட்டுக்காரர்கள் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அதற்கு மேல் எங்கள் காலடிச் சத்தம்தான். மரத்தில் இருந்த நாரைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதற்கு அன்பு என்று பேர் வைத்துவிட்டார்கள். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் பறவை எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரம் பாதி போதும். அது ஒன்று. கரையில் முனி உட்கார்ந்திருக்கிறார், அது இரண்டு. வெடித்தவன் முனிக்குத் தேங்காய் உடைத்து, ஊர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கள் ஊர்க்காரன் எதை வேண்டுமானாலும் செய்வான், ஊர் முன்னால் மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டான். பாதிப் பேர் வாயையும் கையையும் அடக்கிக்கொண்டிருப்பது அதற்குப் பயந்துதான்.

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெடி வெடிப்பார்கள். நன்றாகவே வெடிப்பார்கள். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டு, கறிக்குழம்பும் இட்லியும் தின்றுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து மாமன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெளியூரிலிருந்து வந்து வாக்கப்பட்ட பெண்கள்தான் ஊரில் முக்கால்வாசி. ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் வெளியூரில் ஒரு மாமன் இருப்பான். மருமக்களுக்கு வெடி வாங்கி வைப்பது அவன் பொறுப்பு. எனக்குக் கண்டரமாணிக்கத்தில் இருந்தார். நான் அணுகுண்டு வெடித்துக் கையைச் சுட்டுக்கொண்டது அவர் வாசலில்தான்.

மற்ற ஊர்களில் தீபாவளி வந்தால் "என்ன வெடிடா வாங்கின?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் பிள்ளைகள் கேட்பது "பஸ் எத்தனை மணிக்கு?"

3

இங்கே வருடத்தின் கடைசி நாளை ஜில்வெஸ்டர் என்பார்கள். அன்றைக்கு இந்த அமைதியான நாட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தால் போலீசுக்குப் போன் போடுகிற பக்கத்து வீட்டுக் கிழவர், அன்றைக்கு மட்டும் ஒரு பெட்டி ராக்கெட்டோடு தெருவில் நிற்பார். இருட்ட ஆரம்பித்ததுமே பிள்ளைகள் சின்ன வெடிகளைத் தொடங்கிவிடும்.

நான் வந்த வருடமே அந்தக் கிழவர் என் கையில் ஒரு ராக்கெட்டைத் திணித்தார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அப்போது எனக்கு இந்தப் பாஷை அரைகுறை. எங்கள் ஊரில் பறவைகள் இருக்கின்றன, அதனால் வெடிக்க மாட்டோம் என்று சொல்ல நினைத்து, எங்கள் ஊரில் எல்லாருக்கும் பறவை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இந்தப் பாஷையில் ஒருவனுக்குப் பறவை இருக்கிறது என்றால் அவனுக்குக் கிறுக்கு என்று அர்த்தம். கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சரி, தெரிகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேலியானதும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் என் வாசலில் ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தவில்லை. மகள் கயல் பிறந்து வளர்ந்தாள். கேட்டாள். நம் ஊர் வழக்கம் என்றேன். அழுதாள். நம் ஊர் வழக்கம் என்றேன். என் மனைவி, "சின்னக் கம்பி மத்தாப்புதானேங்க, கொளுத்திட்டுப் போகட்டும்" என்றாள். அவளிடமும் கத்தினேன். தெருவில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் குதிக்கும்போது, கயல் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். மறுநாள் காலையில் கண்ணாடியில் அந்த இடம் மட்டும் மங்கலாக இருக்கும்.

பதினான்கு வயது ஆனதும் அவள் அழுவதை நிறுத்தினாள். வருடக் கடைசியில் சிநேகிதி வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் அந்த ஒரு நாள் மட்டும். பிறகு அதற்கு முந்தின வாரம், பிந்தின வாரம். இப்போது அவளுக்கு இருபது வயது. வேறு நகரத்தில் படிக்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவள் தங்கியிருக்கிற விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விடும்போது, இவள் மட்டும் காலி அறையில் உட்கார்ந்திருப்பாள், அல்லது யார் வீட்டுக்காவது போவாள். எங்கள் வீட்டுக்கு வர மாட்டாள்.

அந்த விடுமுறையில் ஒரு நாளாவது அவள் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. அதை வாய் திறந்து கேட்கத்தான் எனக்கு வரவில்லை.

4

போன தீபாவளிக்கு ஊருக்குப் போகலாம் என்று டிக்கெட் பார்த்தபோது, கயல் தானாகவே வருகிறேன் என்றாள். அவள் சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறேன்: "எந்தப் பறவைக்காக என்னை ஜன்னலில் நிறுத்தினாய் என்று ஒரு முறை பார்க்க வேண்டும்." ஜெர்மனில் சொன்னாள். கோபம் என்றால் அவள் ஜெர்மனுக்குப் போய்விடுவாள். நான் கோபம் என்றால் தமிழுக்கு வந்துவிடுவேன். அதனால் எங்கள் சண்டைகள் முடிவதே இல்லை.

மனைவி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான். கயலுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட், அதனால் விசா எடுக்க வேண்டும். இணையத்தில் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அப்பன் ஊருக்குப் போகிறேன் என்பதற்கு அதில் இடமில்லை. சுற்றுலா என்று அழுத்தினாள். நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? நான் பிறந்த ஊர் என் பாஸ்போர்ட்டில் நெற்குப்பை. இங்கே உள்ள வசிப்பிட அட்டையில் காரைக்குடி. வேலை இடத்துக் காகிதத்தில் சிவகங்கை. எங்கள் ஊர்ப்பெயர் அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை, அதனால் ஒவ்வொரு கவுண்டரிலும் என்னை ஒவ்வொரு ஊரில் பிறக்க வைத்தார்கள். திருத்தச் சொல்லி மூன்று முறை போய்க் கத்தினேன். மூன்று முறையும் புன்னகையோடு திருப்பி அனுப்பினார்கள். கத்துகிறவனைப் பார்த்துச் சிரிக்க இவர்களுக்கு யாரோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் போய் இறங்கினோம். கயல் பெட்டியைக்கூட வீட்டுக்குள் வைக்கவில்லை, நேராகக் கரைக்கு நடந்தாள்.

கண்மாய் காய்ந்து கிடந்தது.

பாளம் பாளமாக வெடித்த மண். அதில் ஆடு மேய்ந்தது. கருவேல மரங்களில் போன வருடத்துக் கூடுகள் குச்சி குச்சியாகத் தொங்கின. ஒரு பறவை இல்லை. காக்கைகூட இல்லை. கயல் கரையில் ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டாள்: "இதுவா?"

பின்னாலேயே வந்த பாண்டி, "ரெண்டு வருசமா மழையில்ல தாயி. போன வருசமும் பேருக்கு நாலு வந்துச்சு" என்றான். "உங்கப்பன்கிட்ட போன்ல சொன்னேனே. அவன் காதுல எது ஏறுது?"

சொன்னான்தான். கொஞ்சம் தண்ணீர் குறைவு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு டிவி வண்டி நின்றது. வருடா வருடம் தீபாவளிக்கு வருவார்கள், சத்தமில்லாத ஊரைப் படம் எடுக்க. மைக் பிடித்த பையன் காய்ந்த கண்மாயைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தான். கரையில் டீக்கடை போட்டிருக்கும் முத்துராக்கு அக்காவிடம் கேட்டான்:

"அம்மா, பறவைங்க எப்ப வரும்?"

"நீ வர்றேன்னு சொல்லிவிடலையேப்பா. சொல்லியிருந்தா குளிச்சு ரெடியா இருந்திருக்கும்ல" என்றாள் முத்துராக்கு.

5

அன்று மத்தியானம் பிள்ளையார் கோவில் முன்னால் ஊர் கூடியது. கூட்டியது இளவட்டங்கள். அவர்களுக்குத் தலைவன் என் தம்பி மகன் கார்த்தி. இருபத்து நான்கு வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தீபாவளிக்கு ஒரு சாக்கு நிறைய வெடியோடு வந்திருந்தான்.

ஊர்த் தலைவரை எங்கள் பக்கம் அம்பலம் என்போம். அம்பலம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

கார்த்தி எழுந்தான். "அய்யா, நான் மரியாதை இல்லாம பேசல. பறவைக்காகத்தான வெடிக்காம இருக்கோம்? பறவை எங்க? கம்மாயில ஆடு மேயுது. ஆட்டுக்காகவா வெடிக்காம இருக்கணும்?"

பையன்கள் கைதட்டினார்கள்.

"வெடிங்கடா, நல்லா வெடிங்க" என்றாள் முத்துராக்கு. "நாளைக்கு டிவிக்காரன் வேற ஊருக்குப் போயிருவான், வேனும் வராது. என் கடைய உங்கப்பன் வந்து நடத்துவானா?"

"ஒனக்கு டீ விக்கணும்னு நாங்க வாய மூடிக்கிட்டு இருக்கணுமாக்கா?"

"வாய எங்கடா மூடினீக? அதத்தான் கேக்க முடியலையே."

சிரிப்பு அடங்கியதும் அம்பலம் என் பக்கம் திரும்பினார். "ஜெர்மனிக்காரன் என்ன சொல்றான்?" ஊரில் இப்போது என் பெயரே அதுதான்.

எனக்கு அளந்து பேச வராது. எழுந்து கத்தினேன். வழக்கம் என்றால் வழக்கம், கண்மாய் வற்றினால் கோவிலை இடிப்பீர்களா, தண்ணீர் வந்தால் திரும்பக் கட்டுவீர்களா, இன்னும் என்னென்னவோ.

கார்த்தி முகம் சிவந்துவிட்டது. "பெரியப்பா, நீங்க எட்டு வருசம் கழிச்சு வந்திருக்கீக. பத்து நாள் இருப்பீக, போயிருவீக. நாங்கதான இங்குட்டுக் கெடக்கோம். அங்குட்டு வருசப் பொறப்புக்கு எப்படி வெடிக்கிறாகன்னு நான் யூடியூப்ல பாத்திருக்கேன். வானமே தெரியல, அம்புட்டுப் புகை. அங்க நீங்க வெடிச்சுக்கிட்டு, எங்களுக்கு வந்து சட்டம் சொல்றீக."

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல் எழுந்துவிட்டாள். அவளுடைய தமிழ் உடைந்த தமிழ். வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கி வைத்தாள்.

"அப்பா வெடிக்கல. ஒரு தடவைகூட இல்ல. நான் சின்னப் பிள்ளை. எல்லாப் பிள்ளையும் ரோட்டுல. நான் மட்டும் ஜன்னல். அங்க பறவை இல்ல. கம்மாய் இல்ல. யாரும் பாக்கல. யாரும் கேக்கல. ஆனா விடல. ஒவ்வொரு வருசமும் விடல. எனக்கு..." வார்த்தை கிடைக்காமல் நின்றாள். "எனக்கு ரொம்பக் கோவம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அம்பலம் நாற்காலியிலிருந்து எழுந்தார். "கேட்டீகளாப்பா? பறவையே இல்லாத சீமையில, கேக்க ஆளில்லாத எடத்துல, நம்ம ஊருப் பய வெடிக்காம இருந்திருக்கான். இங்க ஒரு வருசம் கம்மா வத்துனதும் நமக்குக் கை அரிக்குது." துண்டை உதறித் தோளில் போட்டார். "பறவை மேல இருந்து எடம் பாக்குற காலம் இது. வந்தா வருது, வராட்டிப் போகுது. வெடி கெடையாது."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கார்த்திகூடத் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு தட்டுத் தட்டினான். முத்துராக்கு கயலின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

கயல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள். கண்ணில் தண்ணீர். ஜெர்மனில் கேட்டாள்: "நான் உன்மேல் புகார் சொன்னேன். இவர்கள் எதற்காகக் கைதட்டுகிறார்கள்?"

ஊரே என்னை மெச்சிக்கொண்டிருந்தது. இத்தனை வயதில் ஊர் முன்னால் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

6

அன்று சாயங்காலம் பாண்டியின் மனைவி செல்வி முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "ஏன் மச்சான், நெசமாவே இந்தப் புள்ளைக்கு ஒரு மத்தாப்புக்கூடக் காட்டலையா?"

"நம்ம ஊர் வழக்கம்தான?" என்றேன்.

"நல்லா இருக்கே வழக்கம்! நம்ம ஊருல எந்தப் புள்ள வெடிக்காம வளந்துச்சு? அவளுக்கு அங்க மாமன் வீடு இல்லையா?"

"அவ மாமா சார்ஜாவுல இருக்காரு."

"சொந்த மாமன் இல்லாட்டி யாரையாச்சும் மாமனாக்கிக்க வேண்டியதுதான? பக்கத்து ஊருல ஒரு வாசல் கெடைக்கலையாக்கும் உங்களுக்கு? இம்புட்டு வருசமா?" அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முறுக்கு கருகிவிடும் என்ற கவலை அவளுக்கு.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஊரிலிருந்து கிளம்பும்போது சட்டத்தை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அந்தச் சட்டத்தோடு ஒரு பஸ்ஸும் இருந்தது. ஊருக்குள் வெடிக்காதே என்று சொன்னவர்கள், பக்கத்து ஊரில் ஒரு வாசலையும் காட்டித்தான் வைத்திருந்தார்கள். நான் பஸ்ஸை இங்கேயே விட்டுவிட்டு, வெறும் 'கூடாது'வை மட்டும் ஏழு கடல் தாண்டிக் கொண்டுபோய் ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறேன். அங்கே உள்ள நம் ஆட்கள் பல பேரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது. எதைச் செய்யக்கூடாது என்பது எல்லாருக்கும் மனப்பாடம்.

மறுநாள் விடிந்ததும் தெருவே எண்ணெய்த் தலையும் ஈரத் துண்டுமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பொடிசுகள் வாசலுக்கு வாசல் ஓடி, "பஸ் எத்தனை மணிக்கு? பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தன. கயல் செல்வியின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு அது தொளதொள என்றிருந்தது.

கார்த்தி சாக்கைத் தோளில் தூக்கினான். முந்தின நாள் சண்டை அவன் முகத்தில் இல்லை. "வா கயலு. நெற்குப்பை போவோம், எங்க மாமா வீட்டுக்கு. அங்குட்டு என்ன வேணா வெடி, ஒருத்தன் கேக்கமாட்டான்."

கயல் என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தாள். நான், "செருப்புப் போட்டுக்கிட்டு வெடி. துப்பட்டாவப் பாத்துக்க" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

முதல் பஸ் வந்தது. கண்டக்டர் வருடா வருடம் பார்க்கிறவர். சாக்கைப் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு விசில் கொடுத்தார். பஸ் முழுக்கப் பிள்ளைகள். நடுவில் என் மகள் தலை மட்டும் உயரமாகத் தெரிந்தது.

நானும் பாண்டியும் கரையில் போய் உட்கார்ந்தோம். ஊர் அப்படியே அமைதியாக இருந்தது. பாண்டி பீடியைப் பற்றவைத்து, "பறவையாச்சும் வருசா வருசம் வந்து பாத்துட்டுப் போகும். நீ எட்டு வருசத்துக்கு ஒருக்கா வர்ற. பறவைக்கு ஊரே வாய மூடிக்கிட்டு இருக்கு. உனக்கு எவன்ணே இருப்பான்?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அங்கே தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் யாராவது மைக்கைப் பிடித்து, நாமெல்லாம் வலசைப் பறவைகள் என்பார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். எந்தப் பறவை நம்மைப் போல இருக்கிறது? பறவை இங்கே வந்து குஞ்சு பொரிக்கிறது, வளர்ந்ததும் கையோடு கூட்டிக்கொண்டு போகிறது. நான் அங்கே குஞ்சு பொரித்துவிட்டு, அது இங்கேதான் பிறந்தது போல நடக்க வேண்டும் என்று அதட்டிக்கொண்டிருந்தேன். பறவை அந்தத் தப்பைச் செய்யாது.

மத்தியான பஸ்ஸில் கயல் வந்தாள். விரலெல்லாம் கருப்பு, தலைமுடியில் கந்தக வாடை, செல்வியின் துப்பட்டாவில் ஒரு ஓட்டை. அவளும் கார்த்தியும் எதையோ சொல்லிச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நெற்குப்பை மாமா ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டுச் சாக்கடையில் விழுந்தாராம். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கருப்பு விரலை என் புது வேட்டியில் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

7

திரும்பி வந்துவிட்டோம். அவள் அவள் நகரத்துக்கு, நான் என் பணிமனைக்கு. கார்த்திகைக் கடைசியில் நல்ல மழை என்று பாண்டி போன் செய்தான். ஒரு கூட்டம் நாரை வந்து மரத்தைச் சுற்றி வட்டமடித்துப் பார்த்ததாம். தங்கவில்லை. தண்ணீர் இன்னும் நிற்க வேண்டும் என்றான். ஊரில் யாருக்கும் அதில் ஏமாற்றம் இருந்த மாதிரித் தெரியவில்லை. வெடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் போனது என்று சொல்ல முடியாதல்லவா, அது போதும் அவர்களுக்கு.

கயலிடம் விடுமுறைக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடம், வழக்கம் போல இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இந்தச் சமயத்தில்தான் கோரன் கைபேசியை நீட்டினான். எளிய மக்கள், மௌனம், அன்பு. படித்து முடித்துவிட்டு அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். "இதில் பஸ் இல்லை" என்றேன்.

"என்ன பஸ்?"

சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை. வேறொன்று கேட்டேன். கோரன் வீடு அடுத்த ஊரில், எங்கள் நகரப் பேருந்து கடைசியாகப் போய்த் திரும்புகிற இடத்தில்.

"வருடக் கடைசியில் உன் தெருவில் வந்து நான் வெடிக்கலாமா?"

"தாராளமாக. ஆனால் உன் தெருவுக்கு என்ன?"

"அங்கே வெடிக்கக் கூடாது."

"யார் சொன்னது? நகராட்சியா?"

"நான்."

கோரன் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தான். "உனக்குப் பறவை இருக்கிறது" என்றான்.

"இருக்கிறது" என்றேன். "இன்னொன்று. வெடியை நீதான் வாங்கி வைக்க வேண்டும்."

"நானா? வெடிக்கப்போவது நீ!"

"நான் இல்லை, என் மகள். எங்கள் வழக்கத்தில் அது அம்மாவுடைய அண்ணன் தம்பி செய்ய வேண்டியது. நீதான் இனி அது."

என் மனைவியை அவன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான்.  ஆனாலும் தலையை ஆட்டி, "தங்கைக்கு ஆட்டிறைச்சி பிடிக்குமா? வாசலில் அடுப்புப் போடுவேன்" என்றான்.

இடைவேளை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வெளியே வந்து, கழுவி நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவில் நின்று கயலுக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை தப்பான பெயரை அழுத்திவிட்டேன். குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் சொன்னேன், கத்தாமல். நம் வாசலில் வெடி கிடையாது, அது அப்படியேதான் இருக்கும் என்றேன். பக்கத்து ஊரில் உனக்கு ஒரு மாமன் பார்த்து வைத்திருக்கிறேன், பெயர் கோரன், வெடி வாங்கி வைப்பான் என்றேன். வீட்டுக்கு வா, இங்கிருந்து போகலாம், வந்தால் எனக்கு நன்றாக இருக்கும் என்றேன். அந்தக் கடைசி வரியைச் சொல்ல எனக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது.

  

அப்புறம் அவள் தமிழில் கேட்டாள்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு" என்றேன். "நான் கழுவி அனுப்புற வண்டிதான்."